தலைகீழாய் நின்ற தூண்

அத்தியாயம் ஐந்து

திண்டிவனத்தில் யுத்த நிதிக்காகக் கண்காட்சிக் கொட்டகை போட்டிருந்தார்கள். 1943ஆம் வருஷம், மாசி மாதக் கடைசி. காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் எதுவும் சேரவில்லை. அந்த நேரம் பார்த்து மூன்று பேர் உள்ளே நுழைந்தார்கள்.

முன்னால் வந்தவர் சுப்பராயலு. ரயில்வே போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனனைத் திருடன் என்று எழுதிக் கொடுத்தார்; அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது; வேலை போயிற்று. இப்போது விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவன் அவருடைய உதவியாள் மாசிலாமணி. நாற்பது வயது. பதினெட்டு வருஷம் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனியை மூடிய பிறகும் அவன் வாயை மூட யாராலும் முடியவில்லை.

மூன்றாவதாக வந்தவள் வெள்ளையம்மாள். ஊர் வளவனூர். அவள் புருஷன் பச்சைமுத்து நெட்டி வேலைக்காரர். ஏரித் தண்ணீரில் வளரும் நெட்டித் தண்டைத் தோல் சீவினால் தந்தம் கணக்காக வெளுப்பாக இருக்கும். அதைக் கொண்டு மாலை கட்டுவார், கல்யாணப் பந்தலுக்குப் பூ செய்வார், கோயில் பொம்மையும் செய்வார். திண்டிவனத்து மிராசுதார் கோதண்டபாணி அவரை இரண்டு மாதம் தங்க வைத்து ஒரு பெரிய வேலை வாங்கினார். வேலை முடிந்துவிட்டது, ஆள் பெங்களூருக்கு வேறு வேலையாகப் போய்விட்டான் என்று ஒன்பது நாள் முன்னால் வளவனூருக்குச் செய்தி வந்தது. செய்தி மட்டும்தான் வந்தது. நேற்று வெள்ளையம்மாள் புருஷன் செய்த பொருளையாவது கண்ணால் பார்ப்போம் என்று கண்காட்சிக்கு வந்தாள். பார்த்த மாத்திரத்தில் ரயிலேறி விழுப்புரம் போய்ச் சுப்பராயலுவின் கதவைத் தட்டினாள்.

அந்தப் பொருள் இப்போது அவர்கள் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கிரேக்க தேசத்துப் பழைய கோயில். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்துக் கட்டியது. சாண் உயரத் தூண்கள் முகப்பில் ஆறு, பக்கவாட்டில் பதின்மூன்று. தூணுக்குத் தூண் உடம்பெல்லாம் வரி. மேலே முக்கோண முகப்பு, கீழே மூன்று படி. சுற்றிலும் பாறை, குட்டை மரங்கள், போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் இரண்டு விரற்கடை உயர மனிதர்கள். கோயிலுக்குள்ளே பீடத்தில் ஒரு தேவி நின்றாள்.

"இன்னா சார் கோயிலு இது," என்றான் மாசிலாமணி. "கோபுரம் இல்ல, கொடிமரம் இல்ல, தேர் நிறுத்த எடம் இல்ல. இந்த ஊரு சாமி ரொம்பச் சிக்கனம் போலக்கீது."

"வாயை மூடிக்கினு பாரு," என்றார் சுப்பராயலு. "நீ சொல்லும்மா."

வெள்ளையம்மாள் பெட்டியின் பின்பக்கம் போய் விரலை நீட்டினாள். "பின்வரிசையில இந்தாண்டையிருந்து நாலாவது தூணுங்க."

மாசிலாமணி குனிந்து பார்த்தான். மற்றத் தூண்களைப் போலத்தான் இருந்தது. எல்லாரும் நேராக நிற்கிறார்கள், இவனும் நேராக நிற்கிறான், இவன் மேல் மட்டும் என்ன குற்றம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அது தலைகீழா நிக்குதுங்க," என்றாள் அவள். "நெட்டிக்கு அடி கீது, நுனி கீது. அடி பருமன், நுனி சன்னம். எந்தத் தூணா இருந்தாலும் அடி கீழதான் இருக்கணும். பெரிய வூட்டுத் தேக்குத் தூணுக்கும் அதுதான், பொம்ம வூட்டுத் தூணுக்கும் அதுதான். மாத்தி நட்டா அந்தக் குடும்பம் வெளங்காது. எங்க வூட்டுக்காரரு தூக்கத்துல கூட அப்படி வைக்க மாட்டாரு. நான் பதினாலு வருஷமா அவருக்குத் தோலு சீவிக் குடுக்கிறேன். என் கண்ணு தப்பாது."

"ஒரு நூல் பருமன் வித்தியாசம் இருக்குமா?"

"ஒரு நூலு கூட இல்லீங்க. அரை நூலு." அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இத வச்சது வேற ஆளு. இந்தத் தூண வைக்கக் கூட அவரு இல்லன்னா, அதுக்கு முன்னாலயே அவர இன்னா பண்ணாங்கன்னு..."

மாசிலாமணிக்கு அந்த வெள்ளைக் கோயில் அதுவரைக்கும் அழகாக இருந்தது. இப்போது சுடுகாட்டுச் சமாதியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சுப்பராயலு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தூண் அடியில பசை ஒட்டின இடத்துல மெல்லிசா நீலம் தெரியுதே. அது என்னம்மா?"

"மயில்துத்தம். பூச்சி அரிக்காம இருக்கப் புளியங்கொட்டைப் பசையில அவரு கலப்பாரு."

"வேற யார் கலப்பாங்க?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்லீங்க."

"அப்ப இந்தத் தூணை வச்சது வேற ஆள் இல்லை. உன் புருஷன்தான்." சுப்பராயலு நிமிர்ந்தார். துப்பு கிடைத்தால் அவர் மூக்கு நுனி சிவக்கும், சிவந்தது. "தூக்கத்துல கூடச் செய்யாத தப்பை ஒருத்தன் முழிச்சுக்கினு செஞ்சிருக்கான். எதுக்கு? வேலை முடிஞ்சா தன்னை முடிச்சிடுவாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சத்தம் போட முடியாது, கடுதாசி எழுத முடியாது. இந்தப் பெட்டியைப் பார்க்க ஆயிரம் பேர் வந்தாலும் இந்தத் தப்பு ஒருத்தி கண்ணுக்குத்தான் தெரியும். உன்னைக் கூப்பிட்டிருக்கான்மா."

வெள்ளையம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. "அப்ப உசுரோட கீறாரா ஐயா?"

"தூணை வச்ச அன்னைக்கு இருந்தான்," என்றார் சுப்பராயலு. பொய் சொல்லி ஆறுதல் தரும் வழக்கம் அவருக்கு இல்லை. மாசிலாமணிக்கு அவர் மேல் கோபமாக வந்தது.

அவளைக் கொட்டகைக்கு வெளியே மர நிழலில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பதினோரு மணிக்கு மிராசுதார் கோதண்டபாணி வந்தார். சரிகை அங்கவஸ்திரம், பருத்த உடம்பு, குழந்தை முகம். பின்னாலேயே காரியஸ்தர் அரங்கநாதன். ஒல்லியான மனிதர், நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். கண்ணாடிப் பெட்டியின் சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

சுப்பராயலு தன்னை மராமத்து இலாகா டிராயிங் கிளார்க் என்று சொல்லிக்கொண்டார். நாளைக்கு நாலு மணிக்குப் பரிசு கொடுக்க வரப்போகிற இஞ்சினீயர் துரைக்கு முன்னதாக அளவு பார்த்து வைக்க வந்தாராம். மாசிலாமணி அடிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு அரசாங்க முகம் காட்டினான்.

"பாருங்க, நல்லாப் பாருங்க," என்றார் கோதண்டபாணி. "எல்லாம் இந்தத் தேவிக்காகச் செஞ்சது. புதுச்சேரிப் பக்கம் கடலோர மணல்ல கெடைச்சா. யவனர் காலத்துத் தந்தம்னு சொல்றாங்க. அவளைப் பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டி வைக்க எனக்கு மனசு வரல. சொந்த ஊர்ல எப்படி இருந்திருப்பாளோ அப்படி ஒரு வீடு கட்டிக் குடுக்கணும்னு படப் புஸ்தகம் வரவழைச்சேன். அந்தப் பச்சைமுத்து படத்தைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சான். கையில வித்தை வச்சிருக்கான். ஆனா நான் மெட்ராஸ் போயிருந்த பத்து நாள்ல முடிச்சுட்டுக் கெளம்பிட்டான். ஒரு வார்த்தை சொல்லிக்கல."

"அவசரக்காரங்க," என்றார் அரங்கநாதன் மெதுவாக.

பெட்டி திறந்தது. சுப்பராயலு அடிக்கோலை வைத்து அங்கேயும் இங்கேயும் அளப்பதாகப் பாவனை செய்து, கடைசியில் நாலாவது தூணிடம் வந்து நின்றார். "இது தப்பா இருக்கே சார். மேல் பருமன், கீழ் சன்னம். துரை தூணுக்குத் தூண் அளந்து பார்ப்பார். இந்த ஒண்ணுக்காக முதல் பரிசு போயிடும்."

கோதண்டபாணியின் குழந்தை முகம் விழுந்துவிட்டது. "திருப்பி வைக்க முடியாதா?"

"பார்க்கலாம்." சுப்பராயலு இரண்டு விரலால் தூணைப் பற்றி இழுத்தார். நெட்டி நசுங்கி உடைந்து அவர் உள்ளங்கையில் பொடியாகக் கொட்டியது. "அடடா," என்றார் வருத்தத்தோடு.

ஓடுகிற ரயிலில் பிக்பாக்கெட்காரனின் சுண்டு விரலைப் பிடித்து நிறுத்திய கை அது. தவறி நசுக்கும் கை இல்லை. மாசிலாமணி கூரையைப் பார்த்துக்கொண்டான்.

"ஜல்தியா பச்சைமுத்தை வரவழைங்க," என்றார் கோதண்டபாணி.

"பெங்களூர்ல எந்த எடம்னு சொல்லிட்டுப் போவலீங்களே." அரங்கநாதன் உடைந்த தூணின் துண்டை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார். "கவலப்படாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள வச்சு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பண்ணி எடுத்தாறேன்."

அவர் கொட்டகை வாசலைத் தாண்டியதும் மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினான். "பின்னாலயே போறேன் சார்."

"வேணாம். அவன் இன்னைக்கு மூணு தடவை திரும்பிப் பார்ப்பான். நம்மளைக் கண்டுட்டா, பச்சைமுத்தை எங்கேயாவது அடைச்சு வச்சிருந்தா அவன் கதி அவ்வளவுதான். தூண் திரும்பிப் பார்க்காது. அது வந்து சொல்லட்டும், எங்கேயிருந்து வருதுன்னு."

"நெசமாவே வேற ஆளக் கொண்டு செஞ்சுட்டா?"

"பசையில நீலம் இருக்காது." சுப்பராயலு பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டார். "நீலம் இல்லன்னா அந்தம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு நீ யோசிச்சு வை. எனக்கு வராது."

அன்று ராத்திரி சத்திரத்தில் வெள்ளையம்மாளுக்கு இரண்டு இட்லி வாங்கி வைத்தான் மாசிலாமணி. அவள் தொடவில்லை. நாலைந்து தமாஷ் சொல்லிப் பார்த்தான். அவள் மரியாதைக்காகத் தலையை ஆட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தமாஷ் எவ்வளவு மட்டமானது என்று அவனுக்கே உறைத்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் தூண் வந்துவிட்டது. அரங்கநாதன் அதைத் துணிச் சுருளோடு கொடுத்தார். அளவு பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு சுப்பராயலு கொட்டகையின் பின்புறம் போனார். அங்கே வெள்ளையம்மாள் காத்திருந்தாள்.

அவள் தூணைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்தாள். பிறகு தூணின் உச்சியில் தலைப்பலகை ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் திருப்பினாள். முடி அகலத்துக்கு நீலம் ஓடியது. அவள் கண் நிறைந்துவிட்டது. "அவரு கைதான் ஐயா. வரி பாருங்க. இருபதும் ஒரே ஆழம். நேத்து ராத்திரி இருந்திருக்காரு."

மாசிலாமணி அப்போதுதான் மூச்சு விட்டான். ஆனால் அவள் நெற்றி சுருங்கியது. தூணை நகத்தால் கீறினாள், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"நெட்டி பச்சயா கீதுங்க. வெட்டி ஒரு நாளு கூட ஆவல. காயாத நெட்டியில அவரு கத்தியே வைக்க மாட்டாரு. வெளுப்பு போயிடும்னு ஏசுவாரு. கையில சரக்கு இல்லாம யாரோ அப்பதான் புடுங்கிக் குடுத்திருக்காங்க."

"எங்கே புடுங்குவாங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "மாசி முடிஞ்சா இந்தப் பக்கத்து ஏரியெல்லாம் வத்திடும். நெட்டி நிக்கிற அளவுக்குத் தண்ணி ஒரே எடத்துலதான். அவுரித்தொட்டி ஏரி. இங்கேர்ந்து ரெண்டு மைலு. நாங்க வருஷா வருஷம் வெட்டப் போவோம். கரைக்குக் கீழ அந்தக் காலத்துல வெள்ளக்காரன் அவுரிச் செடியில நீலச் சாயம் எடுத்த தொட்டிங்க கீது. ஆளுயரத்துக்கு மேல ஆழம். சுண்ணாம்புச் சுவரு. பகல்லயே ஒருத்தரும் அந்தாண்ட போவ மாட்டாங்க."

சுப்பராயலுவின் மூக்கு சிவந்தது. "பார்த்தியா மாசிலாமணி? தூண் பேசிடுச்சு. இப்ப அவசரப்படக் கூடாது. தூணைக் கொண்டு போய் வைப்போம். அரங்கநாதனுக்குச் சந்தேகம் வராம அவனைக் கொட்டகையிலேயே நிறுத்தி வச்சுட்டு, போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு ஜவான்களைக் கூட்டிக்கினு போவோம். நீ பஸ் நிக்கிற இடத்துல இரும்மா. நாங்க வந்து சொல்றோம்."

வெள்ளையம்மாள் சரியென்றாள். குங்குமச் சிமிழைத் திறந்து தூணின் அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து மாசிலாமணியிடம் கொடுத்தாள். "இந்தப் பக்கம் கீழ வரணும்ண்ணா. மறந்துடாதீங்க."

தூணை நட்டது மாசிலாமணிதான். சுப்பராயலுவின் விரல் பருமனுக்கு அந்த இடுக்கு இடம் கொடுக்கவில்லை. தலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைத்து, புள்ளி கீழே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, மெல்ல இறுக்கி நிறுத்தினான். கோதண்டபாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரங்கநாதன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மாசிலாமணி பொடி போடுகிறவன். அரை மணி முன்னால் போட்ட பொடி அவன் மூக்கின் எந்த மூலையிலோ தூங்கிக்கொண்டிருந்து, தலையைப் பெட்டிக்குள் விட்ட சமயம் பார்த்து விழித்துக்கொண்டது.

அவன் தும்மினான்.

நெட்டி வேலை உறுதியான வேலை; ஒட்டிய கோயில் அசையவில்லை. ஒட்டாமல் நின்றது தேவி ஒருத்திதான். அவள் பீடத்திலிருந்து எழும்பி, வாசலைத் தாண்டி, மூன்று படியையும் தொடாமல் பறந்து வந்து பாறை மேல் விழுந்தாள். சத்தமே கேட்கவில்லை.

"ஐயோ, தந்தம்," என்று கோதண்டபாணி பாய்ந்து எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "கனமே இல்லையே. அவ நல்ல கனம் இருப்பாளே. இது என்னய்யா?"

சுப்பராயலு அதை வாங்கி நகத்தால் கீறினார். "நெட்டி சார். உங்க தேவி இங்க இல்லை. இவ பச்சைமுத்து செஞ்ச நகல். நீங்க மெட்ராஸ்ல இருந்தப்போ அசலை எடுத்துக்கினு இவளை நிறுத்தி வச்சிருக்காங்க. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பார்த்தா யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவன் ஒருத்தன்தான். செஞ்சவன்."

அவர் திரும்பினார். அரங்கநாதன் நின்ற இடத்தில் சாவி மட்டும் தரையில் கிடந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், சுப்பராயலு வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்த சைக்கிளையும் காணோம்.

மாசிலாமணி பொடி டப்பியை எடுத்து வீசி எறிந்தான். திட்டம் போட்டபடி நடந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜவான்கள் போய் அந்த மனிதனை வெளியே எடுத்திருப்பார்கள். இப்போது கொலைகாரன் முன்னால் போகிறான். ஒரு சிட்டிகைப் பொடி இத்தனையும் செய்துவிட்டது.

"என் கார் இருக்கு, ஏறுங்க," என்று கத்தினார் கோதண்டபாணி. யுத்த காலத்துக் கார். பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கரியடுப்பு கட்டியிருந்தது. டிரைவர் ஓடிப் போய் அடுப்புக்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

"எவ்வளவு நேரம்ப்பா?"

"கால் மணியில கெளம்பிடும் சார்."

"அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுடும்," என்று சுப்பராயலு எதிரே நின்ற ஜட்காவில் தாவினார். பஸ் நிற்கிற இடத்தைக் கடக்கும்போது மாசிலாமணி தலையை நீட்டிப் பார்த்தான். அங்கே வெள்ளையம்மாள் இல்லை.

"சார், அந்தம்மா நமக்கு முன்னாலயே கெளம்பிடுச்சு."

சுப்பராயலு வண்டிக்காரனிடமிருந்து சாட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஏரிக்கரையை அடைந்தபோது ஜனநடமாட்டமே இல்லை. பகல் இரண்டு மணி வெயில். காய்ந்த வயல்கள். ஆனால் கரைக்குக் கீழேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. சாயத் தொழில் நின்று நாற்பது வருஷமாகத் தண்ணீர் போகாத கால்வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மாசிலாமணி வண்டி நிற்குமுன் குதித்தான்.

கரையோரம் சைக்கிள் விழுந்து கிடந்தது. மதகின் பழைய பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. கால்வாய் தொட்டிக்குள் திறக்கிற வாயில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்து, இரண்டு கையையும் இரு பக்கச் சுவரிலும் ஊன்றி, அந்த வாய்க்குத் தானே கதவாக அடைந்து கிடந்தாள். தண்ணீர் அவள் தோளுக்கு மேல் ஏறி வழிந்தது. நெற்றியில் ரத்தம்.

"என்னால நவுற முடியாதுண்ணா," என்றாள். "நவுந்தா மொத்தமும் உள்ள போயிடும். அவன் அந்தாண்ட ஓடிட்டான். அவரு உள்ள கீறாரு. சத்தமே வரல."

சுப்பராயலு ஏரிக்கரை மேல் ஓடினார். மாசிலாமணி தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துப் பார்த்தான். பாதிக்கு மேல் தண்ணீர். பழைய சாயம் ஊறிய சுவர் கறுத்துத் தெரிந்தது. தண்ணீரின் மேல் ஒரு கட்டுப் பச்சை நெட்டி மிதந்தது. வேறு எதுவும் இல்லை.

"பச்சைமுத்து," என்று கூப்பிட்டான். "யோவ், பச்சைமுத்து."

நெட்டிக்கட்டு அசைந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அண்ணாந்த முகம் ஒன்று சுவரின் நிழலில் இருந்தது. மூக்கும் வாயும் மட்டும் தண்ணீருக்கு மேலே. அந்தக் கட்டு கையில் இல்லாதிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

மாசிலாமணி நீச்சல் தெரியாதவன். அது நினைவுக்கு வந்தபோது உள்ளே குதித்து முடித்திருந்தான். பச்சைமுத்துவின் காலை இரும்பு வளையத்தோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். மூன்று தடவை மூழ்கினான். மூன்றாவது தடவை பல்லால் கடித்து முடிச்சை இளக்கினான். நெட்டிக்கட்டு இரண்டு பேரையும் தாங்கியது. ஜட்காக்காரன் சாட்டைக் கயிற்றையும் குதிரைக் கயிற்றையும் முடிந்து மேலேயிருந்து விட்டான். அவர்கள் கரையேறிய பிறகுதான் வெள்ளையம்மாள் கால்வாயிலிருந்து நகர்ந்தாள். அவள் விட்டதும் தண்ணீர் இரைச்சலோடு தொட்டியை நிரப்பியது.

அவள் ஓடிவந்து புருஷனின் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். அவரால் பேச முடியவில்லை, இருமிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, கண் கூசிப் போயிருந்தது. மாசிலாமணி ஒரு பக்கம் வேட்டியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

சற்றுப் பொறுத்துச் சுப்பராயலு வந்து சேர்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. அவருக்கு முன்னால் அரங்கநாதன், கை இரண்டும் தன் அங்கவஸ்திரத்தாலேயே கட்டப்பட்டு. மடியிலிருந்து எடுத்த தந்தத் தேவி சுப்பராயலுவின் சட்டைப் பையில் கனத்துத் தொங்கினாள்.

"நல்ல யோசனை பச்சைமுத்து," என்றார் சுப்பராயலு மூச்சு வாங்க. மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது. "தலைகீழா ஒரு தூண். அதை வச்சு உன் பெண்சாதியைக் கூப்பிட்ட பாரு, என் சர்வீஸ்ல இப்படி ஒரு புத்தியை நான் பார்த்ததில்லை."

பச்சைமுத்து அவரை விளங்காமல் பார்த்தார். "யார ஐயா கூப்பிட்டேன்?"

"இந்தம்மா பார்க்கட்டும்னுதானே வச்சே?"

"இவ எங்க ஐயா பார்க்கப் போறா? இவ திண்டிவனம் வருவான்னு நான் கனாக் கண்டனா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மொதலாளி சொல்லித்தான் என்னைப் பின்கட்டு ரூம்புல பூட்டி வச்சிருக்குதுன்னு இந்த ஆளு சொன்னாரு. பொம்ம செஞ்சு குடு, கோயில முடிச்சுக் குடு, அப்புறம் ஏரித் தொட்டியில பொதச்சுடுவோம்னாரு. சாவப்போறவன் கையில வேற இன்னா கீது? என் சாவுக்குக் காரணமான குடும்பம் வெளங்காம நாசமாப் போவட்டும்னு வச்சேன். கடைசித் தூண வேணும்னே தலைகீழா நட்டேன். பரிசு முடியிற வரைக்கும் ஏதாச்சும் ஒடஞ்சா ஒட்ட ஆளு வேணும்னு என்னைத் தொட்டியில போட்டு வச்சாரு. திரும்பி வருவேன்னு ஒரு துளி நெனப்பு இருந்திருந்தாலும் அந்தப் பாவத்தப் பண்ணியிருக்க மாட்டேன்."

சுப்பராயலுவின் மூக்குச் சிவப்பு மெல்ல இறங்கிற்று.

"மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாது மாமா," என்றாள் வெள்ளையம்மாள். "எல்லாம் இவன் ஒருத்தன் வேலை. அவரு பாவம், நீ சொல்லிக்காம பூட்டியேன்னு கஷ்டப்பட்டுக்கினு கீறாராம்."

பச்சைமுத்து தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. "அந்தத் தூணு இன்னும் அங்கதான் நிக்குதா?"

"இல்லண்ணே," என்றான் மாசிலாமணி. "சார் அதைப் புடுங்கி நசுக்கிட்டாரு. நேத்து ராத்திரி நீங்க செஞ்சதத்தான் அந்த எடத்துல வச்சிருக்குது."

"அடி கீழயா?"

"என் கையாலதான் நட்டேன். அடி கீழதான். ரெண்டு வாட்டி பார்த்துட்டுத்தான் வச்சேன்."

பச்சைமுத்து அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் மெய்தான் சொல்கிறான் என்று தெரிந்த பிறகு, மனைவியின் ஈரத் தோளில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தார்.